ஒத்தை ஓட்டு

கன்னியம்மா: கதவ ஏன் சாத்துறீங்க?

சக்கரவர்த்தி: மெல்லப் பேசு... தெருவுல ஆளு நிக்குது.

கன்னியம்மா: நிக்கட்டும். மெம்பர் எலெக்‌ஷன்ல நின்னேன், தோத்தேன். அதுக்கு ஒளியணுமா?

சக்கரவர்த்தி: சந்திரகலாதான் மெம்பருனு ஊர் கூடி முடிவு பண்ணிச்சு. போட்டியே வேணாம்னாங்க. கேட்டியா நீ?

கன்னியம்மா: பொம்பளைங்க சீட்டுனு சட்டமே குடுத்துருக்கு. நான் பொம்பள இல்லியா?

சக்கரவர்த்தி: பேசு, பேசு. அவளுக்கு நூத்தித் தொண்ணூறு. உனக்கு... ஒண்ணு.

கன்னியம்மா: வேற எப்படி வரும்? "பொண்டாட்டின்னாலும் நான் போட மாட்டேன்"னு டீக்கடைல நின்னு கத்துன ஆளாச்சே நீங்க.

சக்கரவர்த்தி: அத வுடு. ஊர்த் தலைவரு இன்னா சொன்னாரு?

கன்னியம்மா: சாயந்திரம் மாரியாத்தா கோயில்ல கற்பூரம் ஏத்துவாங்களாம். அந்த ஒத்தை ஓட்டு நானே போட்டதுனு அணைச்சு சத்தியம் பண்ணணுமாம். பண்ணிட்டா வேற யாரையும் கேக்க மாட்டாங்க.

சக்கரவர்த்தி: பண்ணலனா?

கன்னியம்மா: ஊரே வரிசையா வந்து, "நான் போடல"னு கற்பூரம் அணைக்கணும். மாட்டுற வூட்டுக்குத் தண்ணி கெடையாது, கடைல சாமான் கெடையாது. செத்தா தூக்க ஆளு கெடையாது.

சக்கரவர்த்தி: யாருக்குப் போட்டனு எவனும் கேக்கக் கூடாது, அதான் சட்டம்னு பூத்து ஆபீசரு சொன்னாரே...

கன்னியம்மா: அவரு பொட்டியத் தூக்கிக்கினு ஜீப்புல ஏறிட்டாரு. நாமதான இங்க கெடக்கறோம்.

சக்கரவர்த்தி: வேங்கிக்கால் போயி கலெக்டர் ஆபீஸ்ல...

கன்னியம்மா: பஸ் ஸ்டாப்புல ரெண்டு பேரு காலைலருந்து உக்காந்துருக்கான். எதுக்கு வம்பு? நான் போறேன், அணைக்கறேன், வரேன்.

சக்கரவர்த்தி: வேணாம்.

கன்னியம்மா: ஏன்?

சக்கரவர்த்தி: வேணாம்னா வேணாம். வளர்ற பொண்ணு இருக்கு வூட்ல...

கன்னியம்மா: உள்ளதச் சொன்னா ஆத்தா ஏன் கோச்சிக்கப் போறா? இன்னாங்க... ஏன் வழிய மறிக்கறீங்க?

சக்கரவர்த்தி: மேளம் கேக்குது மே... கூப்புடறாங்க.

கன்னியம்மா: நகருங்க.

சக்கரவர்த்தி: போகாத! பொய் சத்தியம் பண்ணாத!

கன்னியம்மா: ...பொய்யா?

சக்கரவர்த்தி: நீ உனக்குப் போடலியே.

கன்னியம்மா: எனக்கு நான் போடலனு... உங்களுக்கு யாரு சொன்னது?

சக்கரவர்த்தி: போட்டியா, இல்லியா?

கன்னியம்மா: மறைப்புக்குள்ள போனதும் பயம் புடிச்சிக்கிச்சு. சந்திரகலாவுக்கே குத்திட்டேன். எனக்குனு ஒரு புண்ணியவான் போட்டுருக்கான், அவன் மாட்டக் கூடாதுனுதான் நான் போறேன்... ஐயோ. நீங்களா?

சக்கரவர்த்தி: வெளில பூராவும் பயந்துக்கினேதான் இருந்தேன் மே. அந்த மறைப்புக்குள்ள மட்டும்... பயம் வரல.