ஊரையே வரிசையில் நிறுத்தி, ஒருநாள் தானும் நின்ற அக்காவுக்கு

அன்புக்கு அருவியாகவும், அதட்டலுக்கு அகராதியாகவும், புகையிலைக் கடைக்காரர்களின் பொல்லாத கனவாகவும் விளங்கி, புற்றுநோய்த் தடுப்பு வண்டியின் பொற்குரலாய் ஒலித்து, இன்று பணி நிறைவு காணும் எங்கள் மூத்த செவிலியரே! ஊர்கள் செல்லமாய் அழைக்கும் ஒலிபெருக்கி அக்காவே! வண்டியின் நான்கு சக்கரங்களும், எப்போதும் காற்றிறங்கிக் கிடக்கும் அந்த ஐந்தாவதும் சேர்ந்து சொல்லும் வணக்கம்!

இம்மடலை எழுதும் பொறுப்பை, வண்டியை ஓட்டி ஓய்வு பெற்ற என்னிடம் ஊழியர்கள் ஒப்படைத்தார்கள். "அளந்து எழுதுங்க அண்ணே" என்றார்கள். அளந்துதான் எழுதியிருக்கிறேன். அளவுகோல்தான் சற்றே நீளம்.

சாலை என்று சொல்லத் தகாத சாலைகளில், வண்டி என்று சொல்லத் தகாத வண்டியில், நோயை முளையிலேயே கண்டுபிடிக்க நீங்கள் குலுங்கிய குலுக்கலில் எங்கள் எலும்புகள் எல்லாம் இடம் மாறி, திரும்பி வரும் வழியில் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தன. கூரைமேல் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய் வழியே உங்கள் குரல் புறப்பட்டால் ஆடுகள் மேய்ச்சலை நிறுத்தும், கோழிகள் வரிசையில் நிற்கும்.

"புகையிலை போடற அண்ணன்மாரே, ஒளியாதீங்க! செருப்பு வெளியில தெரியுது!"

செருப்பை மறந்து வைக்கோல் போருக்குள் புகுந்த மாவு மில்காரர், தும்மிக்கொண்டே வெளியே வந்தார். அவர் கன்னத்துக்குள் இருந்த வெள்ளைத் திட்டைப் பார்த்து, அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பினீர்கள். நலமாக இருக்கிறார். அவர் பேச்சை நிறுத்தத்தான் இதுவரை மருந்து கண்டுபிடிக்கப்படவில்லை.

ஆண்களையாவது துரத்திப் பிடிக்கலாம். கருப்பைவாய்ப் பரிசோதனைக்குப் பெண்களை அழைத்து வருவதோ பெரும்பாடு! "வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காங்க" என்பாள் ஒருத்தி. "விருந்தாளியையும் கூட்டிட்டு வா, அவங்களுக்கும் பாத்துடலாம்!" என்பீர்கள். "எனக்குத்தான் ஒண்ணுமில்லையேக்கா" என்பாள் இன்னொருத்தி. "ஒண்ணுமில்லாதப்பவே பாக்கத்தாண்டி இந்த வண்டியே!" சாக்குச் சொல்ல வந்தவர்கள் சாக்கு தீர்ந்துபோய் வண்டியில் ஏறினார்கள்.

குணக்குன்றே! இத்தனை சிறப்புகள் இருந்தும், ஒலிபெருக்கியை அணைக்கும் பழக்கம் மட்டும் உங்களுக்கு வரவே இல்லை. அதனால் ஒருநாள் நடந்ததை இங்கே எழுதலாமா என்று கேட்டோம். "ஊரே கேட்டாச்சு, இனிமே ஒளிச்சு என்ன பண்ண? எழுதுங்க" என்றீர்கள். எழுதிவிட்டோம்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய ஆண்டு, அதே மில்காரர் ஊர். வெளியே பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். உள்ளே நீங்களும் புதிதாக வந்த செவிலியத் தங்கையும் கருவிகளை எடுத்து வைக்கிறீர்கள். குழாயோ கூரைமேல் விழித்துக்கொண்டிருக்கிறது.

"அக்கா, இந்தப் பரிசோதனைய நீங்க கடைசியா எப்பக்கா பண்ணிக்கிட்டீங்க?"

"நானா? நான் பண்ணிக்கிட்டதே இல்லடி."

"என்னக்கா சொல்றீங்க!"

"உஷ், சத்தமா பேசாத. எனக்குப் பயம்டி. ஏதாவது இருந்துட்டா?"

அந்தச் "சத்தமா பேசாத" மூன்று ஊர் தாண்டிக் கேட்டதாக நம்பத் தகுந்தவர்கள் சொல்கிறார்கள்.

வரிசை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது. முன்னால் நின்ற மில்காரர் மனைவி மட்டும் வண்டிக் கதவருகே வந்தார். "வெளிய வாங்கக்கா. நீங்க பண்ணிக்கிட்டாத்தான் நாங்க உள்ள வருவோம்."

முகம் வெளிறி எட்டிப் பார்த்தீர்கள். அஞ்சாமைக்கு அஞ்சல்தலை வெளியிடத் தகுந்த எங்கள் அக்கா அப்போது சொன்னது என்ன? "இன்னிக்கு வேணாமே... வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காங்க."

"விருந்தாளியையும் கூட்டிட்டு வாங்க!" வரிசை முழுவதும் ஒரே குரலில்.

உள்ளே போனீர்கள். முதல் வேலையாகத் தங்கை ஒலிபெருக்கியை அணைத்தாள். வெளியே மில்காரர்கூட வாயை மூடியிருந்தார். கதவு திறந்தபோது தங்கையின் முகத்திலேயே விடை தெரிந்தது. சின்னதாக ஒரு திட்டு. இன்னும் புற்றுநோய் ஆகவில்லை. விட்டு வைத்தால் ஆகக்கூடும்.

நீங்கள் படியில் உட்கார்ந்து அழுதீர்கள். மில்காரர் மனைவி உங்கள் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தார். "சீக்கிரம் பாத்தா சரியாக்கிடலாம்னு நீங்கதானே சொன்னீங்க. பொய்யாக்கா?"

"பொய் இல்லடி" என்று மூக்கைச் சிந்தினீர்கள்.

"அப்ப ஏறுங்க."

பெரிய ஆஸ்பத்திரி வரை உங்கள் கையை அவர் விடவில்லை. சிகிச்சை முடிய ஆன நேரம், நான் வண்டி நிறுத்த இடம் தேடிய நேரத்தைவிடக் குறைவு. இதில் மட்டும் மிகை இல்லை. பின்னர் நடந்த மறுபரிசோதனைகளில் ஒன்றும் இல்லை என்றே வந்தது. சிகிச்சைக்கு மறுநாள் அதே ஊருக்கு வண்டி போனபோதோ, வரிசையின் வால் பக்கத்து ஊரில் இருந்தது!

தியாகச் சுடரே, தும்மலுக்கும் மருந்தோடு ஓடி வரும் தாயுள்ளமே! இத்தனை ஆண்டுகள் உங்கள் தைரியத்தைக் காட்டி நாங்கள் அழைத்தவர்களில் பாதிப்பேர்தான் வந்தார்கள். இப்போது படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாய் ஒருத்தி தயங்கினால், தங்கை அவள் காதருகே குனிந்து, "அக்காவுக்கும் பயமாத்தான் இருந்துச்சு" என்கிறாள். அடுத்த கால் தானாகவே மேலே வந்துவிடுகிறது.

பல் போனாலும் குரல் போகாமல், பார்வை மங்கினாலும் கண்டிப்பு மங்காமல், நோயின்றி நெடுநாள் வாழ்க! ஓய்வு பெற்றோர் உலகம் உங்களை இரு கரம் நீட்டி வரவேற்கிறது. இங்கே பகல் தூக்கத்துக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மறுபரிசோதனைக்கு மட்டும் ஓய்வு கிடையாது. வண்டி உங்கள் தெருவுக்கும் வரும். பயமாக இருந்தால் சொல்லுங்கள், கூட வந்து நிற்க ஒரு வரிசையே இருக்கிறது.

உங்கள் அதட்டலுக்கு இனி ஏங்கப்போகும்,
புற்றுநோய்த் தடுப்பு வண்டி ஊழியர்கள் அனைவரும்,
அவர்கள் சார்பில் அளந்த முன்னாள் ஓட்டுநரும்