குஞ்சரத்தாள் வட்டம்

நல்லான் தாத்தாவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது கூத்தனேந்தல் கண்மாயின் மடைக்கல் பக்கத்தில்தான். வெயிலில் உட்கார்ந்து, ஊர்ப் பிள்ளைகள் கொண்டுவந்த மீன்பிடி ஊத்தாக்களை ஒவ்வொன்றாகக் கல்லில் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது வாய் பெருசு. வீட்டுக்குக் கொண்டுபோ" என்றார் ஒரு பயலிடம். என் வீட்டுக்காரியின் அப்பாவைப் பெற்றவர் அவர். அவள் உயிரோடு இருந்தவரைக்கும் இந்தக் கதையை அவள்தான் சொல்வாள். இப்போது நான் சொல்கிறேன், கேளுங்கள்.

இன்றைக்குக் கரையில் நிற்கிற புளியமரமெல்லாம் விதையாகக் கிடந்த காலம். கூத்தனேந்தலில் குஞ்சரத்தாள் என்று ஒருத்தி இருந்தாளாம். அவள் மகன்தான் நல்லான்.

கோடையில் தண்ணீர் வற்றினால் ஊரே கண்மாயில் இறங்கும். கையில் ஊத்தா. அடி அகன்று, மேல்வாய் குறுகி, மூங்கில் குச்சியில் கட்டிய கூடை அது. சேற்றில் சட்டென்று குத்த வேண்டும். உள்ளே மீன் துள்ளினால் மேல்வாய் வழியாகக் கைவிட்டுப் பிடிக்க வேண்டும். பிள்ளைகளுக்கென்று தனி ஊத்தா கிடையாது. அப்பன் கழித்துப்போட்ட பழசுதான்.

ஒரு வருஷம் ஏழு வயது நல்லான் அப்படி ஒரு பழசோடு இறங்கினானாம். ஊத்தா அவன் நெஞ்சு உயரம். எக்கிக் கைவிட்டவன் தலைகீழாக உள்ளே போய்விட்டான். கால் ரெண்டும் மேலே, தலை சேற்றில். குச்சியை வெட்டித்தான் எடுத்தார்களாம். பிழைத்துக்கொண்டான். ஆனால் அந்த வருஷம் முழுக்கக் குளிக்கக்கூடக் கண்மாயில் கால் வைக்கவில்லையாம்.

ஊர்ப் பெரியவர் வீரணன் அம்பலம் சொன்னாராம்: "இனிமே பொடிசுக யாரும் கண்மாயில எறங்கப்படாது."

குஞ்சரத்தாள் கேட்டாளாம்: "குத்தம் பிள்ளை மேலயா மாமா, ஊத்தா மேலயா?"

"எதுமேல இருந்தா என்ன? சாகப்போறது பிள்ளைதானே."

குஞ்சரத்தாள் நேரே வீட்டுக்கு வந்தாள். மகனை நிறுத்தி, தரையிலிருந்து இடுப்புக்குக் கீழே வரை கயிறு பிடித்து அளந்தாள். அவனுக்கென்று கட்டப்போகிற புது ஊத்தாவின் உயரம் அவ்வளவுதான். தலையைச் சுற்றிக் கயிறு பிடித்தாள். மேல்வாய் அதில் பாதி. கை போகும், தலை போகாது. கட்டி முடித்து, ஒற்றைக் கையால் தூக்கச் சொன்னாள். தூக்கினான். கனமும் சரி.

பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? நாத்தனார் கேட்டாளாம்: "என்ன மதினி, கோழிக்குஞ்சு கவுக்கவா?"

"ஆமா. ஒங்க அண்ணன் பெத்த குஞ்சுதான்."

அடுத்த கோடையில் மகனையும் ஊத்தாவையும் கரைக்குக் கொண்டுவந்துவிட்டாளாம். அம்பலம் ஊத்தாவை உருட்டிப் பார்த்தார். நல்லான் தலையில் வைத்து அழுத்திப் பார்த்தார். இறங்கவில்லை.

"சரி. பெரியாளுகளுக்கு முன்னாடி இவன் மட்டும் போகட்டும், முழங்கால் தண்ணிக்கு. நீ கரைய விட்டு எறங்கப்படாது. இவன் விழுந்தான்னா, இந்த ஊர்ப் பிள்ளை எதுவும் எந்தக் காலத்துலயும் எறங்கப்படாது."

"நீயும் வா ஆத்தா" என்றானாம் நல்லான்.

"நான் வந்தா அது என் மீனு. போ."

போனான். ஒரு குத்து, ஒன்றுமில்லை. இன்னொரு குத்து, ஒன்றுமில்லை. அடுத்த குத்தில் ஊத்தா ஆடியதாம். சும்மா ஆட்டமா அது, உள்ளே விரால். ஊத்தாவையே தூக்கி எறியப் பார்த்ததாம். "விட்டுட்டு ஓடியாடா" என்று கரையெல்லாம் கத்துகிறது. குஞ்சரத்தாள் மட்டும் இடுப்பில் வைத்த கையை எடுக்கவில்லை.

நல்லான் என்ன செய்தான்? ஊத்தா மேல் ஏறி உட்கார்ந்துகொண்டானாம். அப்பன் ஊத்தாவில் எந்தப் பிள்ளையால் உட்கார முடியும்? இது இடுப்புக்குக் கீழேதானே. மீன் ஓய்கிறவரை உட்கார்ந்திருந்தான். பிறகு இறங்கி, தோள்வரை கைவிட்டு, செவுளில் விரல் கோத்து இழுத்தானாம். அவன் கை நீளத்துக்கு விரால்.

கரை முழுக்கக் குலவை. அம்பலம் தன் துண்டை அவிழ்த்து அவன் தலையில் கட்டினாராம். நாத்தனார் மெல்லப் பக்கத்தில் வந்தாளாம்: "மதினி, எங்க வீட்டுக் குஞ்சுகளுக்கும் ரெண்டு கட்டித் தாங்களேன்."

அன்றைக்கே அந்த ஊத்தாவின் வாயை மடைக்கல்லில் வைத்து, அதைச் சுற்றி உளியால் கல்லில் வட்டம் வெட்டச் சொன்னாராம் அம்பலம். இன்றைக்கும் கூத்தனேந்தலில் மீன்பிடிக்கு அடையாளமாக வெள்ளைத் துணி வீசிப் பெரியவர்களை இறக்குவதற்கு முன்னால், பிள்ளைகள்தான் இறங்குகிறார்கள். அதற்கும் முன்னால் ஊத்தாவின் வாயை அந்த வட்டத்தில் வைத்துக் காட்ட வேண்டும். வட்டத்தைத் தாண்டினால் வீட்டுக்குத் திருப்பிவிடுவார்கள். குஞ்சரத்தாள் வட்டம் என்று அதற்குப் பெயர்.

பிள்ளைகள் ஊத்தா பட்டுப்பட்டு அதன் ஓரம் வழவழவென்று ஆகிவிட்டது. என் உள்ளங்கையை வைத்தால் வட்டம் முழுக்க மறைந்துவிடும்.