ஏழு பேருக்கான பூவல்

நான் ஊற்றுகிற பிளேன்டியில், அந்தப் பாலில்லாத தேநீரில், யாரும் குறை சொன்னதில்லை, மரைக்கார். மீன்பிடிக்கப் போய்த் தங்குகிற வாடியில் சமையலும் தண்ணீரும் என் பொறுப்பு. பள்ளிவாசல் நிர்வாகத்தார் நீங்கள், பள்ளிவாசலில் வைத்துக் கேட்கிறீர்கள், உள்ளதைச் சொல்கிறேன்.

எண்பத்திரண்டு ஆவணியில் கோமாரிக்கு வெளியே, கடலுக்குள் இருக்கும் அந்த மணல்திட்டில் எட்டுப் பேர் மீன்வாடி போட்டிருந்தோம். திட்டின் நடுவில் ஒரு பூவல், இடுப்பளவுக்குத் தோண்டிய குழி. அதில் மழைத் தண்ணீர் கடல் தண்ணீருக்கு மேலே பாலாடை மாதிரி நிற்கும். குப்புறப் படுத்துத் தேங்காய்ச் சிரட்டையால் மேலாக அள்ள வேண்டும். வாளியைப் போட்டால் அடியிலிருக்கும் உப்பு ஏறிவிடும். கரையோரம் இன்னொரு குழி. மீன் கழுவுகிற உப்புத் தண்ணீர்.

மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று அடங்கவில்லை. கரைக்குத் தோணி விட வழியில்லை. ஆறாம் நாள் எங்களில் அபூசாலிக்கு வயிற்றோட்டம் பிடித்தது. குடித்ததெல்லாம் போனது. அவன் ஒருத்தனுக்கு ஊற்றினால் மற்ற ஏழு பேரும் காய வேண்டும்.

நான் ஆத்திரத்தில் எதுவும் செய்யவில்லை. கரையோரக் குழியில் அள்ளி, தேயிலைச் சாயத்தைக் கடுப்பாக்கி, சீனியைக் கூடப் போட்டுக் கொடுத்தேன். உப்பு ஓட்டத்தைக் கூட்டும் என்று எனக்குத் தெரியும்.

“காக்கா, இது கரிக்குதே,” என்றான். மூத்தவன் என்று எல்லோருக்கும் நான் காக்காதான்.

“நோய் நாக்குடா தம்பி. தேனைத் தந்தாலும் உனக்குக் கரிக்கும். குடி.”

“உங்கட பிளேன்டிக்காகத்தான் பொண்டாட்டிய உட்டுட்டு இங்க வந்த நான். இப்பிடிச் செய்யிறீங்களே,” என்று சிரித்தான். குடித்தான்.

அவனுடைய மச்சான் காலிதீன் மட்டும் கேட்டான். “நல்ல தண்ணிதானே குடுக்கிறீங்க?”

“ஓம். என்ட பங்கையும் சேர்த்துத்தான் குடுக்கன்.”

பொய்தான். அவனுக்கும் நிம்மதி வேண்டுமே.

அதிலிருந்து மூன்றாம் நாள், லுஹர் என்கிற நடுப்பகல் தொழுகைக்கு முன், அபூசாலி மூச்சடங்கி மவுத்தானான்.

“குளிப்பாட்டத் தண்ணிக்கு எங்க போற காக்கா? மண்ணால தயம்மும் செய்வம். மார்க்கத்துல இடமிருக்கு,” என்று காலிதீன் அழுதான்.

நான் விடவில்லை. ஒரு முஸ்லிமை மண்ணைத் தடவி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. வாளியைப் பூவலில் இறக்கி, ஏழு பேருக்கென்று காத்த மேல் தண்ணீரை எல்லாம் அள்ளினேன். தலை, வலப்பக்கம், இடப்பக்கம் என்று மூன்று முறை ஊற்றி முறையாகக் குளிப்பாட்டினோம். அதோடு பூவல் உப்பாகிவிட்டது. மறுநாள் காற்று அடங்கியது, தோணி வந்தது.

அவனைக் கொன்றது நான்தான். ஆனால் அவனுக்குத் தண்ணீரில் வஞ்சகம் செய்தேன் என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம், மரைக்கார். அடக்கும்போது அவன் உடம்பில் ஒரு பொட்டு உப்பு இருக்கவில்லை.