பாலம் நின்றது, தலைவர் அவர்களே

என் பேச்சு எப்போது முடியும் என்று கடிகாரத்தைப் பார்த்தபடியே தலைமை தாங்கும் தலைவர் அவர்களே! முன்வரிசையில் முகம் மலர அமர்ந்திருக்கும் மூத்தோர்களே! திரையைப் பார்த்து நாங்கள் ஏன் கத்துகிறோம் என்று தெரியாமலேயே கதவைச் சாத்திவிட்டுப் போன பொறுமைமிகு தாய்மார்களே! வேகத்தை விரும்பும் வேட்டை விமான வீரர்களே! வேகமே இல்லாத வாகனத்தை விரும்பி ஓட்டும் என் குண்டுவீச்சுக் குடும்பமே! அனைவருக்கும் வணக்கம்.

இணைய வான்போர் விளையாட்டுக் கழகத்தின் இந்த ஆண்டுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வரப்போகிறது. அடுத்த போட்டியிலிருந்து குண்டுவீச்சு விமானங்களை எடுத்துவிடலாமாம். ஏனாம்? மெதுவாகப் போகின்றனவாம். பார்ப்பவர்களுக்குக் கொட்டாவி வருகிறதாம்.

நான் பகலெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை பொருத்துகிறவள். மாலையில் நான்கு எஞ்சின் விமானம் ஓட்டுகிறவள். அவசரப்பட்டால் இரண்டிலும் அடிபடுவது அடுத்தவர்தான். ஆகவே நிதானமாகவே பேசுகிறேன். கொட்டாவி வந்தால் விட்டுக்கொள்ளுங்கள்.

என் விமானத்தில் குறி பார்த்துக் குண்டு போடுகிறவர் என் நாத்தனார். செவிலியர். சக ஊழியரிடம் கெஞ்சிப் பணிமுறையை மாற்றிக்கொண்டு, சீருடையைக்கூடக் கழற்றாமல் கணினி முன் வந்து உட்காருகிறவர். குறி பார்க்கும் நேரத்தில் விமானம் ஆடக் கூடாது, அசையக் கூடாது, இம்மியும் விலகக் கூடாது. சுற்றிலும் எதிரி சுட்டாலும் நேர்கோட்டில் போக வேண்டும். அந்த நேரத்தில் எங்களைக் காப்பது யார்? துணைக்கு வரும் வேட்டை விமானங்கள். வந்தார்களா? வந்தார்கள். நின்றார்களா? அதைத்தான் கேட்காதீர்கள்.

அந்தத் துணைப்படைக்குத் தலைவர் பருந்து; ஆட்டத்துக்காக அவர் வைத்துக்கொண்ட பெயர் அது. கார்ப் பட்டறை வைத்திருக்கிறார். சிரிக்காதீர்கள், மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறார். தூரத்தில் ஓர் எதிரி தென்பட்டால் போதும், பருந்து பாய்ந்துவிடும். பருந்தின் பின்னால் படையே பாய்ந்துவிடும். நாங்கள் அநாதையாய் வானத்தில் ஊர்ந்துகொண்டிருப்போம். பிறகென்ன? தீ, புகை, கறுத்த திரை. மறுபடி தரையிலிருந்து ஏற்றம்.

போன போட்டியின் முதல் நாள் இலக்கு ஓர் ஆற்றுப் பாலம். வரைந்த பாலம்தான், தாய்மார்களே, அதில் ஆள் நடமாட்டம் கிடையாது. மூன்று முறை கிளம்பினோம், மூன்று முறையும் வழியிலேயே விழுந்தோம். நான் பருந்திடம் நியாயம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. பொறுமையாக விளக்கினார்.

“நீங்க போனாத்தான் அவன் வெளிய வருவான். வந்தாத்தான் நாங்க அடிக்க முடியும்.”

இரை! அவர் கணக்கில் நாங்கள் தூண்டிலில் மாட்டிய இரை. காதில் மாட்டிய கருவியில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் நாத்தனார் சொன்னார்:

“அண்ணி, வேலையில நாள் பூரா யாருக்காவது துணையா நிக்கிறேன். இங்கயாவது எனக்குத் துணையா ஒரு ஆள் நிப்பாங்கன்னு நெனச்சேன். நாளைலருந்து என்னைக் கூப்பிடாதீங்க.”

குரல் உயரவில்லை, அழவில்லை. எனக்குத்தான் நெஞ்சு கொதித்தது. அன்றே எல்லாக் குண்டுவீச்சுக் குழுக்களோடும் பேசினேன். மறுநாள் மாலை ஓடுபாதையில் எங்கள் விமானங்கள் அத்தனையும் வரிசையாக நின்றன. எஞ்சின் ஓடியது, சக்கரம் ஓடவில்லை!

ஆமாம், வேலைநிறுத்தம்தான். கைதட்டுகிறவர்களே, அன்றைக்கு எங்களைத் திட்டியதும் நீங்கள்தான், மறந்துவிடாதீர்கள்.

வேட்டைப்படை தனியே போனது. சுட்டது, சுட்டது, சுட்டுக்கொண்டே இருந்தது. விமானங்கள் விழுந்தன. பாலம் விழுந்ததா? பாலம் நின்றது. தலைவர் அவர்களே, வேகத்தால் அந்தப் பாலத்தில் ஒரு செங்கல்லை அசைக்க முடிந்ததா? ஆட்டம் தோல்வி.

பருந்து என்னை அழைத்து என்னதான் வேண்டும் என்று கேட்டார். ஒரே ஒரு முறை என் விமானத்தின் வாலில் துப்பாக்கி பிடிக்கும் ஆளாக உட்காருங்கள் என்றேன். உட்கார்ந்தார். நாத்தனாரையும் கெஞ்சிக் கூட்டி வந்தேன். இலக்கு கண்ணுக்குத் தெரியும்போது, அவர் பழக்கி வைத்த அவருடைய படையே எங்களை விட்டுவிட்டு ஓடியது. அவர் கூப்பிட்டார், எவரும் திரும்பவில்லை. எதிரிகள் வாலைப் பிடித்தார்கள். “கொஞ்சம் திருப்புங்க” என்றார். திருப்ப முடியாது, நாத்தனார் குறி பார்க்கிறார் என்றேன். விழுந்தோம். கறுத்த திரைக்கு முன்னால் அந்த மனிதர் மெல்லச் சொன்னார்:

“சிஸ்டர், தப்பு எங்க மேலதான். கடைசி ஆட்டத்துக்கு மட்டும் வாங்க. நான் நகர மாட்டேன்.”

நாத்தனார் பதிலுக்குச் சொன்னது ஒன்றுதான். “நகராதீங்க.”

கடைசி ஆட்டத்தில் எல்லோரும் ஓரிடத்தில் கூடிய பிறகே கிளம்பினோம். எங்களில் ஆக மெதுவான விமானம் எதுவோ, அதன் வேகமே எல்லோருக்கும் வேகம். ஒரு பாதிப்படை எதிரியைத் தேடிப் போனது. மறுபாதி எங்கள் தலைக்கு மேலேயே நின்றது. எதிரி ஆசைகாட்டினான், பருந்து அசையவில்லை. எதிரி விலகி ஓடினான், பருந்து துரத்தவில்லை. நெருங்கியவனை விரட்டிவிட்டு நிழலாய்த் திரும்பி வந்தார். நாத்தனார் “இப்ப” என்றார்.

பாலம் விழுந்தது! ஆற்றில் விழுந்தது!

அன்றைய வெற்றி நமக்கு. ஆனால் மதிப்பெண் பட்டியலில் பருந்து எங்கே இருந்தார்? கடைசியில்! ஒருவரையும் வீழ்த்தாதவர் என்று பூஜ்யம் போட்டு வைத்தீர்கள். எங்களை உயிரோடு வீடு சேர்த்தவருக்குப் பூஜ்யம்! பிழை எங்கள் வேகத்திலா, உங்கள் கணக்கிலா?

ஆகவே கேளுங்கள். நாங்கள் போகமாட்டோம். கெஞ்சவும் மாட்டோம். மாற்ற வேண்டியது மதிப்பெண் முறையை. காத்தவருக்கும் மதிப்பெண் கொடுங்கள், கூட நின்றவருக்கும் கொடுங்கள், திரும்பி வந்த ஒவ்வொரு விமானத்துக்கும் கொடுங்கள். அப்புறம் பாருங்கள், கொட்டாவி எங்கே போகிறதென்று. மாட்டீர்களா? அப்படியானால் எங்கள் ஆட்டத்தை நாங்களே நடத்திக்கொள்வோம்.

என்ன சத்தம் அங்கே? பருந்து எழுந்து நிற்கிறார். அவர் அணியும் எழுகிறது. பின்வரிசையும் எழுகிறது.

தலைவர் அவர்களே, நிற்பவர்களை எண்ணிச் சிரமப்பட வேண்டாம். உட்கார்ந்திருப்பவர்களை எண்ணினால் சீக்கிரம் முடிந்துவிடும். மெதுவாகப் பேசியவளைப் பொறுத்துக்கொண்ட அனைவருக்கும் நன்றி. வணக்கம்.