கியூட்டெக்ஸ் பூசிய சங்கீதம்

— அவ்வளவையும் அடைச்சுப்போட்டன் ஸ்ரெல்லா. ஒண்டையும் விடேல்லை.

— எதை அடைச்சனீங்கள், முத்துக்குமாரு அண்ணை?

— நீ தந்த ஸ்டென்சிலிலை கிடந்த ஓட்டையளைத்தான். வெளிச்சத்திலை பிடிச்சுப் பாத்தன், கண்டியோ, எழுத்துகளுக்குக் கீழை முழுக்கப் பொத்தல். அப்பிடியே றோணியோ மிசினிலை போட்டுச் சுத்தியிருந்தால் மை கசிஞ்சு, ஒவ்வொரு பக்கமும் அம்மாள் வருத்தம் வந்த முகம் மாதிரி இருந்திருக்கும்.

— அண்ணை, அது பொத்தல் இல்லை.

— பின்னை?

— நான் வைச்ச புள்ளி.

— நீ ஏன் பிள்ளை பொத்தல் வைச்சனி?

— எபிரேயத்துக்கு உயிரெழுத்துச் சத்தமே அதிலைதான் கிடக்கு. ஆ, ஈ, ஊ எல்லாம் கீழை வாற புள்ளியும் கீறும்தான். புதிசாப் படிக்கிற பெடியள் அது இல்லாமல் ஒரு வரி வாசிக்க மாட்டினம்.

— எனக்கு ஆர் சொன்னது? கோயில் நோட்டீசு, அந்தியேட்டிக்குக் குடுக்கிற கல்வெட்டுப் புத்தகம், சோதினைப் பேப்பர் எண்டு எல்லாம் சுத்தினனான். எழுத்துக்குக் கீழை புள்ளி கிடந்தால் அது ஸ்டென்சில் பழுது. அடைக்கவேணும், கண்டியோ.

— எதாலை அடைச்சனீங்கள்?

— ஸ்டென்சில் பிழை திருத்திற மருந்து பாதியிலை முடிஞ்சுது. மிச்சம் குணலட்சுமி நகத்துக்குப் பூசிற கியூட்டெக்ஸ். றோசுக் கலர். மனிசி இன்னும் என்னோடை கதைக்கேல்லை.

— என்ரை அரை வரியம் அண்ணை அது.

— புள்ளி குத்த அரை வரியமோ?

— கட்டம் போட்ட கடதாசியிலை பெட்டி பெட்டியா நிரப்பி, கறன்ற் வாற நேரம் பாத்துக் கொம்பியூட்டரிலை ஏத்தி, பிரிண்டராலை ஸ்டென்சிலிலை குத்தினது. ஒற்றைக்கால் எழுத்தெண்டால் புள்ளி அந்தக் காலுக்கு நேரை கீழை. அகண்ட எழுத்தெண்டால் நடுவிலை. ஒரு பெட்டி தள்ளிப்போனாலும் பக்கத்து எழுத்திலை போய் ஒட்டியிடும். இந்தியன் ஆமிக்காரன் சென்றியிலை அந்தக் கடதாசியைப் பறிச்சு, எந்த ஊரின்ரை வரைபடம் எண்டு கேட்டவன்.

— நீ என்ன சொன்னனி?

— பைபிளிலை வாற சங்கீதம் எண்டன். அப்ப வாசிச்சுக் காட்டு எண்டான்.

— வாசிச்சனியோ?

— எனக்கெங்கை வாசிக்கத் தெரியும்? கீறத்தான் தெரியும்.

— பின்னை, புள்ளி சரியோ பிழையோ எண்டு எப்பிடி?

— எங்கடை சபைப் போதகர் பாப்பார். ஒவ்வொரு எழுத்தையும் அவர் பாத்துச் சரியெண்ட பிறகுதான் ஏத்தினது. இஞ்சை எபிரேயம் தெரிஞ்சது அவர் ஒராள்தானே.

— படிச்ச மனிசன்.

— நாளைக்குக் கொழும்பிலை சபைப் பெரியாக்களிட்டை உந்தப் புத்தகத்தைக் காட்டப்போறார். அவை ஓமெண்டால் எபிரேய வகுப்பு யாழ்ப்பாணத்திலையே துவங்கும். பாடம் முழுக்க என்ரை எழுத்திலை, நான்தான் செய்யிறது. புள்ளியில்லாத மொட்டை எழுத்தைக் கண்டால் சிரிச்சு அனுப்பிவிடுவினம். சைக்கிளைத் தாங்கோ.

— எங்கை போகப்போறாய்?

— கொழும்பு வான் வெளிக்கிட முதல் போதகரை மறிக்க.

— இப்ப வான் ஆனையிறவு தாண்டியிருக்கும், பிள்ளை. காலமை வந்து கட்டோடை தூக்கிக்கொண்டு போட்டார்.

— பிரிச்சுப் பாக்காமலோ?

— பாக்காமலோ! வாசலிலை வெயிலுக்கை நிண்டு, கண்ணைச் சுருக்கி, கடதாசி மூக்கிலை முட்டப் பிடிச்சு, பக்கம் பக்கமாப் பிரட்டினவர். தேத்தண்ணி ஆறிப்போச்சு, கண்டியோ.

— அவருக்கு ஒரு புள்ளி தப்பினாலே தெரியுமே. உங்களைப் பேசேல்லையோ?

— பேசவோ? சிரிச்சவர். எந்தப் புள்ளியைச் சொல்லுறாரெண்டு எனக்குத்தான் அப்ப விளங்கேல்லை. "ஸ்ரெல்லாவிட்டைச் சொல்லு, புள்ளியெல்லாம் எப்பவும் போலை வடிவாத் தெரியுது" எண்டவர்.