களாச்செடி மேல விழுந்த பாவு

உடாதீங்க சார். உட்டீங்கன்னா தறிக்குப் போற பட்டு நூலு, இந்தப் பாவு மொத்தமும் தரையில விழுந்து சிக்காகிப் பூடும். ரெண்டு கையாலயும் பாவு முனையில கீற கழிய இழுத்துப் புடிச்சிகினு நில்லுங்க, நான் ஒவ்வொரு இழையா முள்ளுலேருந்து எடுத்துடறேன். வாக்கிங் போற மனுஷன நிறுத்திட்டேன், தெரியுது. இன்னா பண்றது, கம்பத்துல கட்டின கயிறு அறுந்துகிச்சு, பாவு போயி இந்தக் களாச்செடி மேல படுத்துகிச்சு. என் மச்சான் பார்த்திபன் டீ குடிக்கப் போனான். டீத்தூள் வாங்க நீலகிரிக்கே போயிட்டான் போல.

பார்க்ல வந்து பாவு போடறானேன்னு நெனைக்காதீங்க. எப்பவும் பாவு நீட்டிக் கட்டற எங்க தெருவ குடிதண்ணி பைப்புக்குத் தோண்டிப் போட்டுட்டாங்க. ஆரணியில வேற எங்க இவ்ளோ நீளம் கெடைக்கும், சொல்லுங்க?

பாதையோரம் முள்ளுச்செடிய எவன் வெச்சான்னு கேக்கறீங்களா? நீங்க கேக்கல, உங்க மூஞ்சி கேக்குது. சொல்றேன். மூணு வருஷம் முன்ன இங்க பூரா சீமைக் கருவேலமும் உண்ணிச்செடியும்தான். காலேஜ்ல பாடம் நடத்தற தேவிப்ரியா மேடம் வந்து, அதயெல்லாம் புடுங்கிட்டு நம்ம மண்ணு செடிங்கள வெக்கலாம், குருவி வரும், பட்டாம்பூச்சி வரும், ஞாயித்துக்கெழம யார் யாரு வேலைக்கு வரீங்கன்னாங்க. நானும் கை தூக்கிட்டேன். டிபன் குடுப்பாங்கன்னு நெனச்சேன் சார். மண்வெட்டி குடுத்தாங்க.

ஆனா போகப் போக ஒரு வெறி புடிச்சிகிச்சு. படவேடு பக்கம் காட்டோரமா அலைஞ்சு நொச்சி, ஆவாரை, களான்னு வெதை பொறுக்கிகினு வந்தோம். மொத ஆவாரம்பூ பூத்தப்ப எங்க வீட்ல தேவகிய இழுத்துகினு வந்து காட்டினேன். நம்ம கல்யாணத்தன்னிக்குக் கூட நீ இப்படிச் சிரிக்கலன்னா.

களாவ உள்ள தள்ளி வெப்போம், பாதையில ஜனங்க நடக்கும்னுதான் மேடம் சொன்னாங்க. இந்தத் திருமலை உடுவானா? ஆடு பூந்துடும், ஓரத்துலதான் வெக்கணும்னு மீட்டிங்ல எழுந்து நின்னு கத்தினேன். "நம்ம ஊரு முள்ளு மேடம், நம்மள குத்தாது." கைதட்டல் வேற. அத்தோட உட்டனா? கிளைய முறிக்கறவன் குழுவ விட்டே போயிடணும்னு ஒரு சட்டமும் போட்டேன். போன மாசம் எங்க குழுவுலயே இருந்த ராஜவேலு பழம் பறிக்கறப்ப ஒரு கிளைய முறிச்சிட்டாரு. எல்லார் எதிர்க்கவும் வெளிய அனுப்பினேன் சார் அந்த மனுஷன. இப்ப என்னைக் கண்டா தெருவ மாத்திப் போறாரு.

இன்னிக்கு ஞாயித்துக்கெழம, மேடம் வர்ற நேரம். இது மணவாளன் அண்ணனோட பட்டு, முகூர்த்தப் புடவைக்கு. ரொம்ப நாளா எனக்கு வேலையே குடுக்காதவரு, இப்பதான் நம்பிக் குடுத்திருக்காரு. இழைங்க அறுந்தா பொழப்பு போச்சு. கிளைய வெட்டினா மானம் போச்சு. கத்திரி இடுப்புலதான் கீது, பாருங்க.

இன்னும் கொஞ்சம் இறுக்கி இழுங்க. ஆங்... எடுக்க எடுக்க உள்ள போவுதே. தொய்ய உடாதீங்க சார், இழுங்க. இன்னா பேஜாரு இது... சரி, ஒரே ஒரு கிளை. வெட்டிடறேன். நீங்க பாக்கல, சரியா? இதுல பூ வேற இருக்கு, சனியன், இன்னிக்குத்தான் பூக்கணுமா. ஒரு கோடை பூரா நான் கொடம் கொடமா தண்ணி சொமந்து ஊத்தின செடி சார் இது. கை வர மாட்டேங்குது. நீங்க வெட்டுங்களேன். சட்டம் குழுவுல இருக்கறவனுக்குத்தான், நீங்கதான் குழுவுலயே இல்லியே.

சார்... சார், கழிய ஏன் கீழ வெக்கறீங்க? போகாதீங்க சார். போயிட்டாரே. திரும்பிக் கூடப் பாக்கல.

போச்சு. அவ்ளோதான். பாவு மொத்தம் தொளதொளன்னு... இரு. முள்ளு எங்க புடிச்சிகினு இருந்துது? இங்கதான? கழண்டுகிச்சே. எல்லா இழையும் தானா மேல வந்துடுச்சு, ஒண்ணு கூட அறுவல. அப்போ இவ்ளோ நேரம் இழுங்க இழுங்கன்னு முள்ளுக்குள்ள ஏத்தினது நாந்தானா?

நல்லவேளை, அவரு போயிட்டாரு. இருந்திருந்தா இன்னும் இழுக்கச் சொல்லிகினு இருப்பேன்.