பேட்டரி அறைக் கதவு

மின்விசிறிச் சத்தம் இல்லாத இடத்தில் எனக்குத் தூக்கம் வராது. நீங்கள் கொடுத்திருக்கும் அறையில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ரொம்ப அமைதி. ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் ஒரே சீராக இரைந்துகொண்டிருக்கும் தரவு மையத்தில் பதினான்கு வருடம் இருந்தவன் நான். அங்கே அமைதி என்றால் ஏதோ கெட்டுப்போயிற்று என்று பொருள்.

பராமரிப்புப் பொறுப்பு என்னுடையது. அந்தக் கட்டடத்துக்கு ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்பதை உள்ளே வருகிறவர்களின் சட்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். மகள் பிறந்த அன்றும் அங்கேதான் இருந்தேன். "மூத்த சம்சாரம் அங்க ஏசியில இருக்கா, நான் ரெண்டாவதுதான்" என்று என் மனைவி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். வாசலில் ஒரு பலகை இருக்கும்: இயந்திரங்கள் ஒரு நொடிகூட நிற்காமல் ஓடிய நாட்கள். தினமும் காலையில் அந்த எண்ணை மாற்றுவது என் வேலை. ஐயாயிரத்தைத் தாண்டிய பிறகு நான் லீவு எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை என்பதுதான் சரி.

மனைவியின் தம்பியை அங்கே எலக்ட்ரீஷியனாகச் சேர்த்துவிட்டதும் நான்தான். ஆறடிக்கு மேல் உயரம், அதனால் அவனைக் குட்டை என்று கூப்பிடுவோம். வேலை சுத்தமாக இருக்கும், வாய்தான் ஓயாது. "மாமா, அது பேட்டரி இல்ல, அடுப்பு. என்னைக்கோ பத்திக்கப்போகுது" என்று இரண்டு வருடமாக நச்சரித்தான். பேட்டரிகளை மாற்ற வேண்டுமானால் இயந்திரங்களை அரை நாள் நிறுத்த வேண்டும். மூன்று முறை தள்ளிவைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

அன்று காலை பதினொன்றரைக்கு ஊர் முழுக்கக் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும்வரை பேட்டரிகள்தான் தாங்க வேண்டும். அரை நிமிட வேலை. அன்று ஜெனரேட்டர் ஆறு நிமிடம் முரண்டு பிடித்தது. ஒருவழியாக ஓடத் தொடங்கியபோது பேட்டரிகள் கொதித்துவிட்டிருந்தன. பார்த்துவரக் குட்டையை உள்ளே அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் போன் செய்தான்.

"மாமா, ரெண்டாவது வரிசை உப்பிப்போச்சு. புகை வருது. கதவைத் தொறந்துவிடுங்க, நான் வெளிய வந்துடறேன்."

உள்பக்கத்துப் பொத்தான் இரண்டு மாதமாகப் பழுது. என் மேஜையிலிருந்துதான் திறக்க வேண்டும்.

"ஒரு நிமிஷம் இருடா" என்றேன். இருந்தான். நான் சொன்னால் கேட்பான்.

ஒரு விஷயத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கதவு நேராக இயந்திரக் கூடத்துக்குள் திறக்கும். கூடத்தில் கொஞ்சம் புகை நுழைந்தாலும் அங்குள்ள கருவி மொத்த மின்சாரத்தையும் தானாக நிறுத்திவிடும். அப்படித்தான் அமைத்திருந்தோம். நல்ல அமைப்பு.

பேட்டரி அறையில் தீயை அணைக்கக் கரியமில வாயு உண்டு. உள்ளே ஆள் இருக்கும்போது திறக்கக் கூடாது. அதைச் சிவப்பு எழுத்தில் எழுதி ஒட்டியவன் நான். கதவைப் பூட்டியே வைத்துவிட்டு வாயுவைத் திறந்தேன்.

போன் வேலை செய்யவில்லை என்று முதலில் உங்களிடம் சொன்னது பொய். போன் என் காதில்தான் இருந்தது. "மாமா, கேஸ் வருது. உள்ள நான் இருக்கேன், மாமா." அவ்வளவுதான். திட்டவில்லை. தெரியாமல் கை பட்டுவிட்டது என்று நினைத்திருப்பான். கேமராவில் பார்த்தேன், கதவைத் தட்டினான். ஒரு நிமிடத்துக்குள் ஓய்ந்துவிட்டான். தீ முழுதாக அடங்கப் பத்து நிமிடம் கதவு மூடியிருக்க வேண்டும். பத்து நிமிடமும் மூடியிருந்தது.

எத்தனையோ மருத்துவமனைகளின் பதிவுகள் எங்கள் இயந்திரங்களில் இருந்தன. அவை நின்றிருந்தால் எத்தனை உயிர் போயிருக்கும் என்று மேலதிகாரியிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். உங்கள் நிபுணர் தலையாட்டவில்லை. அவர் சொல்வதும் சரிதான். நாங்கள் நின்றால் அடுத்த ஊரில் இருக்கும் மாற்று மையம் நான்கு நிமிடத்தில் வேலையை எடுத்துக்கொள்ளும். யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. எனக்குத் தெரியும். அந்த ஏற்பாட்டை எழுதியவனே நான்தான்.

நேற்று மனைவி வந்திருந்தாள். அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்: "அவன் கூப்பிட்டப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

அங்கேயேதான் இருந்தேன் என்றேன். போனை வைக்கவில்லை, திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கடைசிவரை அவனோடு இருந்தது நான் ஒருவன்தான். அதையாவது அவள் நினைத்துப் பார்த்திருக்கலாம்.